8 நாளில் வந்த பதில்: 1991ல் அணு ஆயுதத்தில் நடந்த கொடுக்கல் வாங்கல்

1991 செப்டம்பர் 27 இரவு அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ் (அப்பா புஷ், பின்னால் சதாமைப் பிடித்தது மகன்) தொலைக்காட்சியில் பேசினார். தரையிலிருந்து ஏவும் குறுகிய தூர அணு ஆயுதங்கள் உலகத்தில் எங்கே இருந்தாலும் சரி, அத்தனையையும் திரும்பக் கொண்டுவந்து அழிக்கப் போகிறோம் என்றார். போர்க்கப்பல்களிலும் தாக்குதல் நீர்மூழ்கிகளிலும் இருக்கும் தந்திரோபாய அணு ஆயுதங்களை (போர்க்களத்திலேயே போடுவதற்கான குறுந்தூர ரகம்) இறக்கிவிடுவோம் என்றார். சோவியத் யூனியனும் இதே மாதிரி செய்யட்டும் என்று கேட்டுக்கொண்டார், ஆனால் அவர்கள் சரி என்று சொல்லும் வரை காத்திருக்கவில்லை. அக்டோபர் 5ல் சோவியத் அதிபர் கோர்பச்சேவ் பதில் சொன்னார்: நாங்களும் செய்கிறோம், கூடவே இன்னும் சிலதும் செய்கிறோம்.

இடையில் 8 நாள்தான். இதே இரண்டு நாடுகள், நீண்ட தூர அணு ஆயுதங்களைக் குறைக்கும் ஸ்டார்ட் ஒப்பந்தத்தைப் பேச ஆரம்பித்தது 1982ல், கையெழுத்துப் போட்டது 1991 ஜூலை 31ல். ஒவ்வொரு ஏவுகணையையும் எப்படி எண்ணுவது, யார் வந்து பார்ப்பது, பார்க்க வருகிறவர் எந்தக் கதவு வழியாக வரலாம் என்பது வரை பக்கம் பக்கமாக எழுதிய ஒப்பந்தம் அது. அதன் மை காய்வதற்குள், ஒரு காகிதமும் இல்லாமல் ஆயிரக்கணக்கான அணு ஆயுதங்கள் களத்திலிருந்து போய்விட்டன. பகை நாட்டோடு பரஸ்பரம் விட்டுக்கொடுக்கலாம் என்று பேசுகிறவர்கள் எல்லோரும் இந்த நிகழ்வை எடுத்துக்காட்டுவார்கள். நானும் அதை ஒரு வெற்றி என்றுதான் சொல்வேன். ஆனால் வழக்கமாகச் சொல்லப்படும் மாதிரி இரண்டு பெரிய மனிதர்களின் பெருந்தன்மை அல்ல இது. பகைவனுக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பதை முடிவு செய்ததில் பாதிக்கு மேல் நண்பர்களின் கை இருந்தது. பாதியில் நின்றதற்கும் காரணம் அதேதான்.

கொடுத்தது என்ன பொருள்?

முதலில் அந்த ஆயுதத்தைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். அமெரிக்கத் தரைப்படையிடம் 155 மில்லிமீட்டர் பீரங்கிக்கான அணுகுண்டு ஒன்று இருந்தது, பெயர் டபிள்யூ-48. சாதாரணக் குண்டு போடும் அதே பீரங்கிக் குழாயில் நுழையும். எடை 50 கிலோவைச் சற்றுத் தாண்டும், இரண்டு ஆள் தூக்கிவிடலாம். வெடித்தால் சுமார் 72 டன் டிஎன்டிக்குச் சமம், அதாவது ஹிரோஷிமா குண்டில் இருநூறில் ஒரு பங்குகூட வராது. பாயும் தூரம் ஏறத்தாழ 14 கிலோமீட்டர். சுட்டவனின் கண்ணுக்கு எட்டும் தூரத்திலேயே கதிர்வீச்சு கிளம்பும், காற்று திரும்பினால் அவன் மேலேயே வரும். எதிரி நம் நிலைகளை முந்திக்கொண்டு வந்துவிட்டால் இவை அவன் கையில் சிக்கும். அதனால் "போட்டால் இப்போதே போடு, இல்லையென்றால் இழந்துவிடுவாய்" என்ற நெருக்கடி போரின் முதல் சில மணி நேரத்திலேயே ஒரு களத் தளபதியின் தலையில் வந்து விழும். அணு ஆயுதங்களிலேயே அடக்கி வைக்கக் கஷ்டமான வகை இதுதான் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று லான்ஸ் ஏவுகணை, சுமார் 120 கிலோமீட்டர் போகும். மேற்கு ஜெர்மனியில் நின்றுகொண்டு ஏவினால் எங்கே விழும்? பெரும்பாலும் கிழக்கு ஜெர்மனியில். கிட்டத்தில் பாயும் ஏவுகணை என்றால் சாகிறவன் ஜெர்மன்காரன் என்ற பொருளில் ஒரு கசப்பான பேச்சு அந்த நாட்டு அரசியலில் உலவியது. 1989ல் லான்ஸுக்குப் பதில் புதிய ஏவுகணை கொண்டுவர வாஷிங்டன் முயன்றபோது நேட்டோவுக்குள்ளேயே பெரிய சண்டை வந்தது, மேற்கு ஜெர்மனியின் வெளியுறவு அமைச்சர் கென்ஷர் கடுமையாக எதிர்த்தார், 1990 மே மாதம் புஷ் அந்தத் திட்டத்தைக் கைவிட்டார். அதே ஆண்டு அக்டோபர் 3ல் ஜெர்மனி ஒன்றாகிவிட்டது. 1991 ஜூலை 1ல் சோவியத் தலைமையிலான ராணுவக் கூட்டணியான வார்சா ஒப்பந்த அமைப்பும் கலைந்தது. இனி லான்ஸ் பாய்ந்தால் போய் விழுவது ஜனநாயகத்துக்குத் திரும்பிய போலந்திலும் செக்கோஸ்லோவாக்கியாவிலும்தான். நட்பு நாடுகளுக்கே வேண்டாத சரக்காக ஆகிவிட்டது அது.

ராணுவத்துக்குள்ளேயும் இதே கதைதான். முப்படைத் தலைமைத் தளபதி காலின் பவல் அணு பீரங்கிகளை ஒழித்துவிடலாம் என்று முன்பே யோசனை சொல்லி, பென்டகனின் சிவில் அதிகாரிகளிடம் அது எடுபடாமல் போயிருந்தது. கடற்படைக்கோ கப்பலில் அணுகுண்டு என்பது தனிக் காவல், தனிக் கிடங்கு, தனிச் சோதனை, துறைமுகத்துக்குத் துறைமுகம் ஆர்ப்பாட்டம் எல்லாம் சேர்ந்த தொல்லை. ஆக, புஷ் கொடுத்தது தன் ஆட்களே சுமையாக நினைத்த பொருள். இதைச் சொன்னால் சிலர், அப்படியென்றால் அது என்ன தியாகம், ஏமாற்று வேலைதானே என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கொடுக்கிறவனுக்கு உள்ளுக்குள் வலிக்கவில்லை என்பதால்தான் சொன்னதைச் செய்ய முடிந்தது. வலிக்கிற பொருளை அறிவித்திருந்தால் அடுத்த நாளே செனட்டிலும் தளபதிகள் மட்டத்திலும் முட்டுக்கட்டை விழுந்திருக்கும்.

ஏன் அந்த செப்டம்பரில்?

ஆகஸ்ட் 19ல் மாஸ்கோவில் கவிழ்ப்பு முயற்சி நடந்தது. கோர்பச்சேவ் கிரிமியாவில் ஃபோரோஸ் என்ற இடத்தில் தன் விடுமுறை வீட்டிலேயே அடைக்கப்பட்டார். மூன்று நாளில் சதி உடைந்தாலும், ஒரு கேள்வி வாஷிங்டனை விடவில்லை: அந்த மூன்று நாள் அணு ஆயுதச் சாவி யார் கையில் இருந்தது? நீண்ட தூர ஏவுகணைகளுக்காவது மையக் கட்டுப்பாடு உண்டு. பீரங்கிக் குண்டுகளும் கண்ணிவெடிகளும் குடியரசு குடியரசாகச் சிதறிக் கிடந்தன, நாடோ கண் முன்னால் உடைந்துகொண்டிருந்தது. செப்டம்பர் தொடக்கத்தில் பாதுகாப்பு ஆலோசகர் பிரென்ட் ஸ்கோக்ராஃப்ட்டும் புஷ்ஷும் இதற்கு வழி தேடினார்கள். பேச்சுவார்த்தை என்று உட்கார்ந்தால் எதிரில் உட்கார வேண்டிய நாடே அதற்குள் இருக்காது. ஒப்பந்தம் வேண்டாம், நாமே முதலில் செய்து காட்டுவோம் என்ற முடிவு வந்தது இந்த அவசரத்தில்தான்.

இங்கே ஒரு பழைய கணக்கையும் நினைவில் வைக்க வேண்டும். 1985 ஆகஸ்ட் 6ல், ஹிரோஷிமாவின் நாற்பதாம் ஆண்டு நாளில், கோர்பச்சேவ் தன் பக்கம் மட்டும் அணு சோதனையை நிறுத்தினார். நீட்டித்து நீட்டித்து 1987 பிப்ரவரி வரை ஓட்டினார். ரீகன் அரசு மசியவே இல்லை, சோதனைகள் நெவாடாவில் நடந்துகொண்டே இருந்தன. ஒரு கை தட்டி ஓசை வரவில்லை. அப்போது முதலில் இறங்கி வந்தவர் கோர்பச்சேவ், அறிவிப்பும் வெளிப்படையாகத்தான் இருந்தது. ஆனால் அவர் நிறுத்தச் சொன்னது அமெரிக்கா தன் ஆயுதத் திட்டத்துக்குத் தேவை என்று நினைத்த ஒன்றை. 1991ல் புஷ் கேட்டதோ மாஸ்கோவும் உள்ளூரப் பயந்துகொண்டிருந்த பொருளை. பகை நாட்டை நோக்கி ஒருதலையாகச் சிறு சிறு விட்டுக்கொடுப்புகளை அறிவித்துக்கொண்டே போனால் பதில் வரும் என்று சார்லஸ் ஆஸ்குட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1960களிலேயே எழுதியிருந்தார். அதில் பாதி சரி. எதிராளிக்கும் அது இறக்கி வைக்க வேண்டிய சுமையாக இருக்கிறதா என்பதைப் பார்க்காமல் அந்த யோசனையைத் தூக்கிக்கொண்டு போனால் 1985 கதைதான் திரும்ப நடக்கும்.

நடந்தது எப்படி

புஷ் பேசிய அடுத்த நாளே குண்டுவீச்சு விமானங்களின் உஷார் நிலை முடிந்தது. 1957லிருந்து ஓடுபாதைக்குப் பக்கத்துக் கட்டடத்தில் விமானிகள் முறைபோட்டுத் தங்கி, எரிபொருளும் குண்டும் ஏற்றிய விமானங்களோடு, மணி அடித்தால் நிமிடக் கணக்கில் கிளம்பத் தயாராக 34 ஆண்டுகள் காத்திருந்தார்கள். அந்த விமானங்களிலிருந்து குண்டுகள் இறங்கின, ஆட்கள் வீட்டுக்குப் போனார்கள். 450 மினிட்மேன்-2 நீண்ட தூர ஏவுகணைகளும் தயார் நிலையிலிருந்து விலக்கப்பட்டன. அழிக்கப்பட இருந்த பீரங்கிக் குண்டுகளும் லான்ஸ் முனைகளும் (ஏவுகணையின் தலையில் வைக்கும் அணுகுண்டுகள்) சேர்ந்து 2,000க்கு மேல்.

சோவியத் பதில் அப்படியே நகல் இல்லை. பீரங்கிக் குண்டுகள், குறுந்தூர ஏவுகணை முனைகள், அணுக் கண்ணிவெடிகள் அழிக்கப்படும் என்றார் கோர்பச்சேவ். கப்பல்களிலிருந்தும் இறங்கும். 503 கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணைகள் தயார் நிலையிலிருந்து விலகும், ஒரு வருடத்துக்கு அணு சோதனை கிடையாது, ராணுவத்தில் 7 லட்சம் பேர் குறைக்கப்படுவார்கள். புஷ் பட்டியலில் இருந்த ஒன்றை, பல முனைகள் கொண்ட தரை ஏவுகணைகளை ஒழிப்பதை, அவர் தொடவில்லை, ஏனென்றால் அதுதான் சோவியத்தின் முதுகெலும்பு. புஷ் பட்டியலில் இல்லாத இரண்டு கோரிக்கைகளையும் அவராகச் சேர்த்தார்: இரு பக்கமும் ஒத்துக்கொண்டால் கடற்படைத் தந்திரோபாய ஆயுதங்களைக் கிடங்கில் வைக்காமல் முழுக்கவே அழித்துவிடலாம், போர் விமானங்களில் போடும் அணுகுண்டுகளைப் படைப் பிரிவுகளிலிருந்து எடுத்து மையக் கிடங்குக்குக் கொண்டுபோகலாம்.

இரண்டாவது கோரிக்கையைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், இந்தக் கதையின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது. வாஷிங்டன் அதைக் கண்டுகொள்ளவில்லை.

நடுவில் ஒரு இடறலும் வந்தது. டிசம்பரில் சோவியத் யூனியன் போய், ஆயுதங்கள் இருந்த நிலம் வேறு நாடுகளாகிவிட்டது. உக்ரைனிலிருந்த தந்திரோபாய ஆயுதங்கள் ரஷ்யாவுக்குப் போய்க்கொண்டிருந்தபோது, 1992 மார்ச்சில் அதிபர் கிராவ்சுக் நிறுத்தினார். அங்கே போவது உண்மையிலேயே அழிக்கப்படுகிறதா, இல்லை ரஷ்யா வைத்துக்கொள்கிறதா என்று எங்களுக்கு யார் உத்தரவாதம் என்பது அவர் கேள்வி. நியாயமான கேள்வி. ஏப்ரலில் ஓர் ஏற்பாடு வந்து, மே முதல் வாரத்தில் கடைசித் தொகுதியும் போய்ச் சேர்ந்தது. இந்த முழு நிகழ்விலும் கணக்குக் காட்டு என்று வாய்விட்டுக் கேட்டது உக்ரைன் ஒன்றுதான், அதுவும் சில வாரங்களில் அடங்கிப்போனது. அமெரிக்கப் பக்கத்திலிருந்து 1991 டிசம்பரில் செனட்டர்கள் நன்னும் லூகரும் கொண்டுவந்த சட்டம் 40 கோடி டாலர் வரை ஒதுக்கி, அழிக்கும் வேலைக்கும் பத்திரமாகக் கொண்டுபோகவும் உதவியது. பகைவன் தன் ஆயுதத்தை அழிக்க நாமே காசு கொடுப்பது விசித்திரமாகத் தெரியலாம். மொத்தக் கதையிலும் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான்.

நண்பர்கள் கணக்கு

செப்டம்பர் 27க்குப் பிறகு மூன்று வாரத்தில், சிசிலியில் டாவோர்மினா என்ற ஊரில் நேட்டோ பாதுகாப்பு அமைச்சர்கள் கூடினார்கள். ஐரோப்பாவில் விமானம் போடும் அணுகுண்டுகளைப் பாதியாகக் குறைப்பது என்று முடிவானது. பீரங்கி, லான்ஸ், இது எல்லாம் சேர்ந்தால் ஐரோப்பாவில் நேட்டோவின் கையிருப்பில் ஏறத்தாழ 80 சதவீதம் போகும். பெரிய எண்தான். ஆனால் மிச்சம் வைத்தார்கள், வேண்டுமென்றே. அமெரிக்கா நம்மோடு கட்டுண்டு இருக்கிறது என்பதற்கு அடையாளமாக எங்கள் மண்ணில் ஏதாவது இருக்கட்டும் என்று கூட்டாளிகள் நினைத்தார்கள். லான்ஸை எடுத்துக்கொண்டு போ என்றவர்களும் குண்டுகள் கொஞ்சம் இருக்கட்டும் என்றார்கள். கோர்பச்சேவின் அந்தக் கோரிக்கை இதில் அடிபட்டது. பகைவனின் பதிலுக்கு மறுபதில் கொடுத்தால் நண்பனுக்குச் சந்தேகம் வரும் என்ற இடத்தில் கொடுக்கல் வாங்கல் நின்றுபோனது.

தென் கொரியாவில் கதை வேறு மாதிரி. அங்கே 1958லிருந்து அமெரிக்க அணு ஆயுதங்கள் இருந்தன. புஷ் அறிவிப்பில் பீரங்கிக் குண்டுகள் அடங்கும், பிறகு குன்சான் தளத்திலிருந்த விமானக் குண்டுகளும் போகட்டும் என்று முடிவானது. டிசம்பர் 18ல் அதிபர் ரோ டே-வூ, தென் கொரிய மண்ணில் அணு ஆயுதமே இல்லை என்று அறிவித்தார். அந்த மாதக் கடைசி நாளில் தீபகற்பத்தை அணு ஆயுதமற்றதாக்கும் கூட்டறிக்கைக்கு வடக்கும் தெற்கும் ஒத்துக்கொண்டன. ஜனவரியில் டீம் ஸ்பிரிட் என்ற அமெரிக்க-தென்கொரியப் போர்ப் பயிற்சி அந்த ஆண்டுக்கு ரத்தானது, அதே மாதம் 30ஆம் தேதி வட கொரியா சர்வதேச அணுசக்தி முகமையின் கண்காணிப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது. ஒன்றின் மேல் ஒன்றாக, நம்பவே முடியாத வேகம்.

அப்புறம் முகமையின் ஆட்கள் உள்ளே போனார்கள், வட கொரியா சொன்ன புளூட்டோனியக் கணக்கும் அவர்கள் எடுத்த மாதிரிகளும் ஒத்துப்போகவில்லை. இரு கொரியாக்களும் ஒருவரை ஒருவர் சோதிக்கும் ஏற்பாடும் நகரவில்லை. 1993ல் டீம் ஸ்பிரிட் திரும்ப வந்தது, மார்ச் 12ல் அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்திலிருந்து விலகுவதாக வட கொரியா அறிவித்தது. ஏறிய படிகளிலேயே ஒவ்வொன்றாக இறங்கினார்கள். இதில் வட கொரியாவின் பொய் பெரிய பங்கு, சந்தேகமில்லை. ஆனாலும் பயிற்சியைத் தண்டனையாகப் பயன்படுத்தியது தவறான கருவி என்பது என் கருத்து. கணக்கு ஒத்துப்போகவில்லை என்றால் கணக்கைப் பற்றி அழுத்த வேண்டும். பயிற்சியைத் திரும்பக் கொண்டுவந்ததும் பியோங்யாங்குக்குத் தன் பொய்யை விட்டுவிட்டு எதிரியின் டாங்கிகளைப் பற்றிப் பேச வசதியாகிவிட்டது.

நியூசிலாந்தையும் சொல்லாமல் விட முடியாது. அமெரிக்கா தன் எந்தக் கப்பலிலும் அணு ஆயுதம் உண்டு என்றும் சொல்லாது, இல்லை என்றும் சொல்லாது. 1985ல் பிரதமர் டேவிட் லாங்கேயின் அரசு, அப்படி எங்களால் ஏற்க முடியாது என்று யுஎஸ்எஸ் புக்கானன் கப்பலின் வருகையை மறுத்தது. அமெரிக்கா 1986ல் நியூசிலாந்துக்கான பாதுகாப்புக் கடமையையே நிறுத்தி வைத்தது. நட்பு நாட்டின் மேல் விழுந்த பதிலடி இது, அதுவும் இரண்டு உலகப் போர்களில் பக்கத்தில் நின்ற நாட்டின் மேல். 1992 ஜூலையில் புஷ், கப்பல்களிலிருந்து தந்திரோபாய ஆயுதங்கள் எல்லாம் இறங்கிவிட்டன என்று அறிவித்தார். சண்டைக்குக் காரணமே போய்விட்டது போலத்தான் தெரிந்தது. ஆனால் நியூசிலாந்து 1987ல் போட்ட சட்டம் அணுசக்தியால் ஓடும் கப்பலையும் தடுக்கிறது, அதை அவர்கள் எடுக்கவில்லை, அமெரிக்காவும் இறங்கி வரவில்லை. அடுத்த அமெரிக்கப் போர்க்கப்பல், யுஎஸ்எஸ் சாம்ப்சன், அங்கே போனது 2016 நவம்பரில். கைக்கோரா நிலநடுக்க நிவாரணத்துக்கும் அது உதவியது. மாஸ்கோவுக்கு 8 நாளில் திறந்த மனம் வெலிங்டனுக்குத் திறக்க 24 ஆண்டு எடுத்தது. பகைவன் ஒரு விஷயத்தில் ஒத்துழைத்தால் லாபமாகத் தெரிகிறது, நண்பன் ஒரு விஷயத்தில் மறுத்தால் துரோகமாகத் தெரிகிறது. அளவுகோலே வேறு.

எழுதாமல் விட்ட பகுதி

1991 ஏற்பாட்டில் சரிபார்ப்பு கிடையாது. எத்தனை இருந்தது, எத்தனை அழிந்தது என்று ஒருவர் கிடங்குக்குள் இன்னொருவர் போய் எண்ணவில்லை. அந்த வருடம் அது நல்ல முடிவுதான், எண்ணிக்கை பேச ஆரம்பித்திருந்தால் ஒன்றுமே நடந்திருக்காது. அடுத்த ஐந்தாறு ஆண்டுகளில் எழுதி வைக்காததுதான் கோட்டை விட்டது. 1997 மார்ச்சில் ஹெல்சிங்கியில் கிளிண்டனும் எல்ட்சினும், மூன்றாவது ஸ்டார்ட் பேச்சோடு தந்திரோபாய ஆயுதங்களையும் பேசலாம் என்றார்கள். மூன்றாவது ஸ்டார்ட் வரவே இல்லை. அமெரிக்கா தன் கடைசி அணு பீரங்கிக் குண்டை 2003ல் பிரித்துப் போட்டது, அணு டோமஹாக் ஏவுகணையை 2010ல் கைவிட முடிவு செய்தது. ரஷ்யா பெரும்பகுதியை முடித்துவிட்டதாகச் சொல்லியது, ஆனால் தரைப்படை முனைகளை முழுக்க ஒழித்ததா என்ற சந்தேகத்தை அமெரிக்கா விடவில்லை. இதை வைத்து, பார்த்தீர்களா நாம் ஏமாந்தோம் என்கிற கூட்டம் வாஷிங்டனில் உண்டு. ஆனால் 1992ல் உக்ரைன், பெலாரூஸ், கஜகஸ்தான் மூன்றிலிருந்தும் அந்தச் சிறு ஆயுதங்கள் வெளியேறியது உண்மை, அது நடக்காமல் இருந்திருந்தால் தொண்ணூறுகள் எப்படிப் போயிருக்கும் என்று யோசித்தாலே கணக்கு புரியும்.

பேச்சு எழும்போதெல்லாம் ரஷ்யா ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லிவந்தது: எங்கள் தந்திரோபாய ஆயுதங்கள் எங்கள் மண்ணில்தான் இருக்கின்றன, நீங்களும் ஐரோப்பாவிலிருந்து உங்கள் குண்டுகளை உங்கள் மண்ணுக்குக் கொண்டுபோங்கள், பிறகு பேசுவோம். நேட்டோ பக்கம், உங்களிடம் பத்து மடங்குக்கு மேல் இருக்கிறதே, அதை முதலில் குறையுங்கள் என்றது. டாவோர்மினாவில் நண்பர்களுக்காக விட்டு வைத்த குண்டுகள் முப்பது வருடம் இப்படியே வாதப் பொருளாகக் கிடந்தன. 2023 மார்ச் 25ல் புடின், பெலாரூஸில் ரஷ்யத் தந்திரோபாய அணு ஆயுதங்களை வைக்கப் போவதாக அறிவித்தார். அவர் சொன்ன நியாயம்: அமெரிக்கா பல பத்தாண்டுகளாகத் தன் கூட்டாளிகள் மண்ணில் இதைத்தானே செய்கிறது, நாங்களும் எங்கள் கூட்டாளியோடு அதையே செய்கிறோம். 1992 வசந்தத்தில் அந்த ஆயுதங்கள் ரஷ்யாவுக்குத் திரும்பிப்போன நாடுகளில் பெலாரூஸும் ஒன்று.